துணைத் தரவுத்தளம் பின்தங்குங்கால்

மாணாக்கர் விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றி முடித்த ஆசிரியர், அரைமணி நேரங் கழித்து மாவட்ட அறிக்கையைத் திறந்து பார்க்கின்றார். தம் பள்ளியின் பெயருக்கு நேரே பழைய எண்ணே நிற்கின்றது. வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டும் களப்பணியாளர்க்கும் இவ்வனுபவம் புதியதன்று. அருகிலிருப்போர் ஒருவர், "சர்வர் மெதுவாயிருக்கிறது" என்பார். மற்றொருவர், "எதற்கும் இன்னொரு முறை ஏற்றிவிடுங்கள்" என்பார். முன்னவர் கூற்றினால் காரணம் விளங்குவதில்லை. பின்னவர் யோசனையோ ஒரு மாணவனை இருவராக்கி விடுகின்றது. உண்மையில் நிகழ்வது யாது என்பதையும், அதனை ஆராய்ந்து சரி செய்யும் முறையையும், அதுவரையில் களத்திலுள்ளோர்க்குச் சேர வேண்டிய நியாயத்தையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். இறுதியாகச் சொன்னதன் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. ஏனையவை அதற்கு வேண்டுமளவு வரும்.

பெருந்தொகையான தகவல்களைக் காக்கும் அமைப்புக்கள் ஒரே தரவுத்தளத்தை நம்பியிருப்பதில்லை. புதிய பதிவுகள் யாவும் மூலத் தரவுத்தளத்தில் எழுதப்படும். தீயாலோ வெள்ளத்தாலோ பூகம்பத்தாலோ அது செயலிழக்குமாயின், அதனிடத்தை ஏற்பதற்கென்று வேறோர் ஊரில் துணைத் தரவுத்தளம் ஒன்று இயங்கிக் கொண்டிருக்கும். தேசியத் தகவலியல் மையம் தில்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் முதலிய நகரங்களில் தேசியத் தரவு மையங்களை நிறுவியிருப்பதை வாசகர் அறிந்திருக்கலாம். ஓர் ஊரிலுள்ளதை மற்றோர் ஊரிலும் வைத்துக் காக்க வேண்டுமென்னும் எண்ணம் இத்தகைய ஏற்பாடுகட்கு அடிப்படை. ஆனால், என்றோ நேரக்கூடிய விபத்திற்காக ஒரு விலையுயர்ந்த இயந்திரம் சும்மா காத்திருப்பானேன் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆகவே அறிக்கைகளையும் பட்டியல்களையும் துணைத் தளத்திலிருந்து எடுத்துக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. மூலத்தின் பளுவும் குறைகின்றது. சிக்கனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. சிக்கலும் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது.

வணிகவியல் பயின்றோர் குறிப்பேட்டையும் பேரேட்டையும் அறிவர். நடவடிக்கை ஒவ்வொன்றும் நிகழ்ந்த வரிசையில் முதற்கண் குறிப்பேட்டில் எழுதப்படுகின்றது; பின்னர் உரிய கணக்கின் கீழ்ப் பேரேட்டில் எடுத்தெழுதப்படுகின்றது. தரவுத்தளமும் இம்முறையையே கையாள்கின்றது. மூலத் தளம் தன் குறிப்பேட்டின் படியைத் துணைத் தளத்திற்கு இடைவிடாது அனுப்பும். துணைத் தளம் அதனைப் பெற்று, தன் வட்டில் எழுதி, வரிசை பிறழாமல் தன் பேரேட்டில் ஏற்றும். துணைத் தளத்தில் பட்டியல் எடுப்பவர் காண்பது அதன் பேரேட்டை மட்டுமே. குறிப்பேடாக வந்து சேர்ந்தும் பேரேட்டில் ஏறாத பதிவு அவர் கண்ணுக்குப் புலப்படாது. தலைப்பிற் சொன்ன 'பின்தங்கல்' என்பது இதுவே: மூலத்தில் எழுதப்பட்ட நேரத்திற்கும் துணையின் பேரேட்டில் அது ஏறும் நேரத்திற்கும் இடையேயுள்ள காலம். நல்ல நாளில் அஃது ஒரு விநாடிக்கும் குறைவு. மோசமான நாளில் பல மணி நேரம் ஆகும்.

மொழிபெயர்ப்பாளனாகிய என் கைக்கு இப்பொருள் ஒரு குறிப்பாணையின் வழியே வந்து சேர்ந்தது. சில ஆண்டுகட்கு முன்னர் நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில், குறித்த நாளன்று மாலை 5 மணிக்குள் விவரம் ஏற்றாத பள்ளிகளின் பட்டியல் ஒன்று எடுக்கப்பட்டது. பட்டியலில் கண்ட தலைமையாசிரியர் ஒவ்வொருவரும் விளக்கம் அளிக்க வேண்டுமென்று குறிப்பாணை சென்றது. அதைத் தமிழாக்கியவன் நான். வந்த பதில்களை ஆங்கிலத்தில் ஆக்கியவனும் நானே. அவற்றுள் ஒரு தலைமையாசிரியையின் பதில் சுருக்கமானது. பிற்பகல் 3 மணி 10 நிமிஷத்திற்குத் தாம் ஏற்றியதாகவும், ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கான ஒப்புகை எண் இன்னதென்றும் தம் கையெழுத்தில் எழுதியிருந்தார். அதன்மேல் அலுவலகக் குறிப்பு, 'பட்டியலில் ஏற்றியதாகக் காணப்படவில்லை. ஆகலின் விளக்கம் ஏற்கத்தக்கதன்று' என்று இருந்தது. ஒப்புகை எண்ணும் அரசினது, பட்டியலும் அரசினது. இரண்டையும் ஒரே பிற்பகலில் மொழிபெயர்க்க நேர்ந்தவனுக்கு எதை நம்புவதென்று விளங்கவில்லை. கணிப்பொறிப் பிரிவிலிருந்த பொறியாளரிடம் சென்று கேட்டேன். அவர் அன்றைய பதிவுகளைத் திறந்து பார்த்து, சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பட்டியல் மாலை 5 மணி 15 நிமிஷத்திற்குத் துணைத் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அத்துணைத் தளம் அவ்வேளையில் காட்டிக் கொண்டிருந்தது பிற்பகல் 2 மணி நிலையை. இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் விவரம் ஏற்றிய பள்ளி ஒவ்வொன்றும் ஏற்றாத பள்ளியாக எழுதப்பட்டு விட்டது. கடைசி நாளன்று பெரும்பாலோர் ஏற்றுவது அம்மூன்று மணி நேரத்திலே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

துணைத் தளம் சிறிது பின்தங்குதல் இயல்பு. அதனை முற்றிலும் ஒழித்தல் இயலாது. ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் பட்டியல் ஒவ்வொன்றும், தான் எந்த மணி வரையிலான நிலையைக் காட்டுகின்றது என்பதைத் தன் தலைப்பிலேயே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாத பட்டியலைக் கொண்டு எவரிடமும் விளக்கம் கோரலாகாது. இதுவே என் கருத்து. இதற்கு அடுத்த வரியாக, "அந்த மணியைக் கண்டறிவது கடினம்" என்று சிலர் கூறுவர். அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்று பார்க்கப் புகுமுன், பின்தங்குதற்குரிய காரணங்களைத் தேடும் முறையைச் சிறிது அறிதல் நலம்.

நாட்பட்ட வழக்கம் ஒன்று உண்டு. துணைத் தளம் பின்தங்கியதென்ற செய்தி வந்தவுடன், "லைன் சரியில்லை" என்று இணைப்பின்மீது பழி சுமத்துவர். காய்ச்சல் என்றவுடன் மழையில் நனைந்ததைக் காரணங் காட்டுவது போன்றது இது. சில வேளை உண்மையாயிருக்கும். பல வேளை இராது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத் தக்கதாகலின் உலகெங்கும் வழங்குவது. இதன் மூலத் தளத்தில் 'பிஜி ஸ்டாட் ரெப்ளிகேஷன்' என்னும் காட்சியைத் திறந்தால், குறிப்பேட்டின் எப்பகுதி வரை அனுப்பப்பட்டது, எதுவரை துணைத் தளம் பெற்று எழுதியது, எதுவரை வட்டில் உறுதியாகப் பதிந்தது, எதுவரை பேரேட்டில் ஏறியது என நான்கு இடங்களும் தனித்தனியே காணப்படும். 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த 10-ஆம் பதிப்பு முதல், பின்மூன்று கட்டங்களுக்கும் ஆகும் தாமதம் காலக்கணக்கிலும் காட்டப்படுகின்றது. ஆரக்கிள் தரவுத்தளமும் வந்து சேர்வதில் உள்ள தாமதத்தையும் ஏற்றுவதில் உள்ள தாமதத்தையும் பிரித்தே தெரிவிக்கின்றது. ஆகவே ஆராய்வோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'எவ்வளவு பின்தங்கியது' என்பதைக் காட்டிலும், 'எந்தக் கட்டத்தில் நின்றது' என்பதே. குறிப்பேடு முழுவதும் துணைத் தளத்திற்கு வந்து சேர்ந்திருந்து, பேரேட்டில் மட்டும் ஏறாதிருப்பின் இணைப்பின்மீது யாதொரு குற்றமுமில்லை. வாடகை கூடிய இணைப்பொன்றை வாங்கினாலும் அந்நோய் தீராது.

இணைப்பே காரணமாயிருக்கும் இடமும் உண்டு; அதைக் கணக்கினாலேயே அறியலாம். விநாடிக்கு 100 மெகாபிட் செல்லக்கூடிய இணைப்பின் வழியே விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. இரவில் நிகழும் மொத்தப் பதிவு வேலை விநாடிக்கு 20 மெகாபைட் குறிப்பேட்டை உண்டாக்குமாயின், விடியும்போது துணைத் தளம் பின்தங்கியிருத்தல் எவர் பிழையுமன்று.

ஏற்றும் கட்டத்தில் நேரும் தடைகளே பெரும்பாலும் கவனிக்கப்படாதவை. மூலத் தளத்தில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் எழுதலாம். பல கைகள் ஒருங்கே வேலை செய்கின்றன. போஸ்ட்கிரெஸின் துணைத் தளத்திலோ வந்த குறிப்பேட்டை ஒரே ஒரு செயல்முறை, வரிசைப்படி, ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுகின்றது. நூறு பேர் எழுதியதை ஒருவர் எடுத்தெழுதுவது போல. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில், அடுத்து வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே வட்டிலிருந்து எடுத்து வைக்கும் வசதி சேர்ந்தது. எடுத்தெழுதும் கை அப்போதும் ஒன்றே. மைசீக்வெல் என்னும் மற்றொரு தரவுத்தளத்தில் நிலை சிறிது வேறு. அதன் 5.6-ஆம் பதிப்பிலும் (2013) 5.7-ஆம் பதிப்பிலும் (2015) பல கைகளைக் கொண்டு ஏற்றும் முறை படிப்படியாக வந்தது. ஆனால் அதற்கென்று ஒரு தனி நோயும் உண்டு. முதன்மைத் திறவுகோல் இல்லாத அட்டவணை ஒன்றில் ஆயிரம் வரிகளை மாற்றினால், வரி வரியாகப் படியெடுக்கும் முறையில் துணைத் தளம் அவ்வாயிரத்தில் ஒவ்வொன்றையும் தேட அட்டவணை முழுவதையும் மறுபடி புரட்ட நேரலாம். வரிசை எண் இடாத வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயரையும் முதற்பக்கத்திலிருந்து தேடும் எழுத்தரின் நிலையே அதற்கும். மூலத்தில் ஒரு நிமிஷத்தில் முடிந்த வேலை, துணையில் ஒரு பகல் முழுவதும் நடக்கும்.

தலைமையாசிரியையின் பட்டியலுக்கு நேர்ந்தது இவையல்ல. அதைச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் அறிக்கை எடுப்போர் யாவரும் அறியத்தக்கது அது. போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தும்போது பழைய வரி உடனே அழிக்கப்படுவதில்லை. அதனை யாரேனும் படித்துக் கொண்டிருக்கலாம் என்று வைத்திருந்து, தேவையற்றபின் துப்புரவு செய்யப்படும். இத்துப்புரவும் குறிப்பேட்டில் ஒரு பதிவே. அதுவும் துணைத் தளத்திற்குச் செல்லும். அவ்வேளையில் துணைத் தளத்தில் நெடுநேரம் ஓடும் அறிக்கை ஒன்று அப்பழைய வரியைத் தேடிக் கொண்டிருக்குமாயின், இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும். அறிக்கையை நிறுத்தித் துப்புரவை ஏற்றலாம். அல்லது அறிக்கை முடியும்வரை ஏற்றுவதை நிறுத்தி வைக்கலாம். தயாரித்தவர்கள் இட்டிருக்கும் இயல்பான விதி, 30 விநாடி வரை பொறுத்திருந்து பின்னர் அறிக்கையை ரத்துச் செய்க என்பது. ஆனால் தம் அறிக்கை பாதியில் ரத்தாகின்றதென்று ஒரு பிரிவினர் முறையிட்டனர். யாரோ ஒருவர் அவ்விதியை 'வரையறையின்றிப் பொறுத்திரு' என்று மாற்றி வைத்தார். முறையீடு நின்றது. குறித்த நாளன்று பிற்பகல் 2 மணிக்கு அப்பிரிவினர் மாநிலம் முழுமைக்குமான பெரிய தொகுப்பறிக்கை ஒன்றைத் தொடங்கினர். முதல் துப்புரவுப் பதிவு வந்தவுடன் ஏற்றும் வேலை நின்றது. வரிசை பிறழலாகாதென்பதால் அதற்குப் பின்வந்த ஆயிரக்கணக்கான பதிவுகளும், தலைமையாசிரியை 3 மணி 10 நிமிஷத்திற்கு ஏற்றியது உட்பட, வாயிலில் காத்து நின்றன. எவர் வேலை செய்யவில்லை என்பதை அறிய எடுக்கப்பட்ட பட்டியல், செய்யப்பட்ட வேலையைக் காணவொட்டாது தடுத்த மற்றொரு பட்டியலின் பின்னே நின்று கொண்டிருந்தது.

இதற்குப் பரிகாரங்கள் சில உண்டு. துணைத் தளம் தனக்கு இன்னும் தேவையான பழைய வரிகளைப் பற்றி மூலத்திற்கு அறிவிக்குமாறு செய்யலாம். மூலம் அவற்றைத் துப்புரவு செய்யாது வைத்திருக்கும். ஆனால் துணையில் யாரோ மறந்து விட்ட அறிக்கை ஒன்றின் பொருட்டு மூலத்தில் குப்பை சேரும். மூலத்தில் அட்டவணையின் அமைப்பையே மாற்றும்போது உண்டாகும் மோதல் இதனாலும் தீராது. நான் விரும்புவது வேறு: அறிக்கைக்கு ஒரு துணையும் ஆபத்திற்கு ஒரு துணையுமாக இரண்டை வைத்தல். செலவு கூடும் என்பதை அறிவேன். ஆயினும், ஆபத்துக் காலத்தில் உடனே பொறுப்பேற்க வேண்டிய தளம் மூன்று மணி நேரக் குறிப்பேட்டை ஏற்றாமல் வைத்திருக்குமாயின், அதை ஏற்றி முடித்த பின்னரே அதனால் எழுந்து நிற்க இயலும். வந்து சேர்ந்த பதிவுகள் அழிந்து போகா. ஆனால் அதுவரை நாடெங்கும் அலுவல்கள் காத்திருக்கும்.

அளப்பதிலும் மயக்கங்கள் உண்டு. கடைசியாக ஏற்றிய பதிவின் நேரத்தைத் தற்போதைய நேரத்திலிருந்து கழித்துப் பார்ப்பது ஒரு முறை. இரவு 2 மணிக்கு மூலத்தில் எவரும் எழுதாதபோது, துணைத் தளம் ஒரு வரிகூடப் பின்தங்காதிருந்தும் இம்முறை பல நிமிஷப் பின்தங்கலைக் காட்டும். காவலிருக்கும் பொறியாளர் வீணே எழுப்பப்படுவார். மைசீக்வெலில் இதற்கு நேர்மாறானது நிகழும். குறிப்பேடு வழியிலேயே தேங்கியிருந்தால், வந்து சேர்ந்தவற்றை ஏற்றி முடித்த துணைத் தளம் 'பின்தங்கல் சுழி' என்று காட்டக்கூடும். தபால் வராத நாளில் அஞ்சற் பெட்டி காலியாயிருப்பதைப் பார்த்து எல்லாக் கடிதங்களுக்கும் பதில் எழுதியாயிற்று என்று மகிழ்வது போல. இவ்விரண்டு மயக்கங்களையும் எளிதில் தவிர்க்கலாம். நிமிஷத்திற்கு ஒருமுறை மூலத் தளத்தில் அப்போதைய மணியை ஓர் அட்டவணையில் எழுதச் செய்க. துணைத் தளத்தில் அவ்வரியைப் படித்தால், எந்த நிமிஷம் வரையிலான செய்தி வந்து ஏறியுள்ளதென்று ஐயமின்றித் தெரியும். நாடித்துடிப்பு என்று பொருள்படும் பெயரால் பொறியாளர் இதனை வழங்குகின்றனர். மணியைக் கண்டறிவது கடினமென்று கூறுவோர்க்கு இதுவே விடை. ஓர் அட்டவணை, அதில் ஒரு வரி; பட்டியலின் தலைப்பில் அதை அச்சிடுதற்கு வேண்டியது மனமொன்றே.

பின்தங்கியது எப்பொழுது சரியாகும் என்ற வினாவும் அடிக்கடி எழுகின்றது. ஆசிரியர்கள் வகுப்பில் நடத்தும் தொட்டிக் கணக்கே இதற்கும் பொருந்தும். மூலம் விநாடிக்கு 8 மெகாபைட் குறிப்பேட்டை உண்டாக்குகின்றது. துணை விநாடிக்கு 10 மெகாபைட் ஏற்றுகின்றது. தேங்கியிருப்பது 7,200 மெகாபைட். விநாடிக்கு 2 மெகாபைட் வீதம் குறைந்து ஒரு மணி நேரத்தில் தீரும். ஆனால் காலை 10 மணிக்கு அலுவலகங்கள் திறந்து, உண்டாகும் வேகம் 9.5 மெகாபைட்டாக உயருமாயின், அதே தேக்கம் தீர நான்கு மணி நேரம் வேண்டும். 10-ஐத் தாண்டினால் என்றுமே தீராது. 2018 அக்டோபர் 21-இல் கிட்ஹப் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழுது பார்க்கும் வேலையின்போது 43 விநாடி நேரம் இணைப்பு அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையிலிருந்த தளத்தை மூலமாக்கி விட்டது. கிழக்கில் எழுதப்பட்டுப் படியெடுக்கப்படாத சில விநாடிப் பதிவுகள் ஒருபுறமும், மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை மறுபுறமும் நின்றன. வேலை மிகுந்த ஒரு தொகுதியில் அவ்வாறு நின்ற பதிவுகள் 954 என்று அந்நிறுவனமே பின்னர் வெளியிட்டது. நிலைமை முற்றும் சீராக 24 மணி 11 நிமிஷம் ஆயிற்று. பல மணி நேரம் பின்தங்கியிருந்த துணைத் தளங்கள் ஒரே சீரான வேகத்தில் எட்டிப் பிடிக்கும் என்று போட்ட மதிப்பீடு பொய்த்தது. பொழுது விடிந்து பயனாளர் பெருகப் பெருக எட்டிப் பிடிக்கும் வேகம் குன்றியது. மேலும் சில துணைத் தளங்களைச் சேர்த்துப் படிக்கும் பளுவைப் பகிர்ந்த பின்னரே நிலைமை தேறியது. 'இன்னும் அரைமணியில் சரியாகும்' என்று களத்திலுள்ளோர்க்குச் சொல்லும் அதிகாரிகள், வேகங்கள் இரண்டையும் அறியாமல் அவ்வாறு சொல்லலாகாது.

அவசரத்தால் விளைந்த கேட்டிற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017 ஜனவரி 31-இல் கிட்லாப் நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் தளத்தில் பளு மிகுந்து துணைத் தளம் பின்தங்கியது. அதற்கு வேண்டிய குறிப்பேட்டின் பகுதிகள், அது பெறுமுன்னரே மூலத்திலிருந்து நீக்கப்பட்டு விட்டமையால் படியெடுத்தல் நின்றே போயிற்று. துணையை முதலிலிருந்து மீண்டும் அமைக்க முயன்றனர். அதற்குரிய கருவி செய்தி எதுவும் காட்டாமல் நின்றது. உண்மையில் அது மூலத்தின் பதிலுக்காகக் காத்திருந்தது. பழைய கோப்புக்கள் இருப்பதே தடையென்று எண்ணிய பணியாளர் ஒருவர், நள்ளிரவை நெருங்கும் வேளையில், துணைத் தளத்தில் அழிக்க வேண்டிய கோப்பகத்தை மூலத் தளத்தில் அழித்து விட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 கிகாபைட். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புப் படிகளோ, பதிப்பு வேறுபாட்டினால் நெடுநாளாகவே எடுக்கப்படாதிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த ஒரு படியால் மீண்டனர். இடைப்பட்ட பதிவுகள் போனவை போனவையே. அந்நிறுவனம் ஒன்றையும் மறைக்காமல் முழு வரலாற்றையும் வெளியிட்டது பாராட்டத்தக்கது. இங்கு நாம் காண வேண்டியது, பின்தங்கல் அன்று எதையும் அழிக்கவில்லை என்பது. எந்தக் கட்டத்தில் ஏன் நின்றதென்று அறியுமுன் அழித்துக் கட்டப் புகுந்ததே அழித்தது. துணை பெறும்வரை குறிப்பேட்டை நீக்காமல் வைத்திருக்கும் ஏற்பாடு போஸ்ட்கிரெஸில் 2014 முதலே உண்டு. அதற்கும் ஒரு விலை இருக்கின்றது: துணைத் தளம் நின்று போனதை எவரும் கவனியாவிடின், குறிப்பேடு சேர்ந்து சேர்ந்து மூலத்தின் வட்டு நிரம்பி, மூலமே நின்று விடும். வைத்திருக்கும் அளவிற்கு வரம்பிடும் வசதி 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது.

துணைத் தளமும் எழுதி முடித்தபின்னரே ஒப்புகை தருவதென்று விதித்தால் என்ன என்று கேட்கலாம். அத்தகைய முறையும் உண்டு. ஆனால் தில்லிக்கும் ஐதராபாத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். போய்வரும் பயணத்திற்கு மட்டும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் 12 பங்குக்கு மேல் ஆகும். இழை நேர்க்கோட்டில் செல்வதில்லையாகலின் உண்மையில் இன்னும் கூடும். ஒவ்வொரு பதிவிற்கும் அவ்வளவு காத்தல் வேண்டும். துணைத் தளம் நின்றால் மூலமும் நின்று காத்திருக்கும். அன்றியும், போஸ்ட்கிரெஸில் இம்முறையை இயல்பான அளவில் மேற்கொண்டால், துணைத் தளம் குறிப்பேட்டை வட்டில் பதித்தவுடன் ஒப்புகை வந்துவிடும். பேரேட்டில் ஏறியிருக்க வேண்டுமென்பதில்லை. பேரேட்டில் ஏறும்வரை காத்திருக்கச் செய்யும் விதி 2016-இல்தான் வந்தது; அதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, வேண்டுமென்றே ஒரு மணி நேரம் பின்தங்கும்படி அமைக்கப்பட்ட துணைத் தளங்களும் உண்டு. மூலத்தில் யாரேனும் தவறாக அழித்ததை, அவ்வழிவு வந்து சேருமுன் காப்பாற்றுவதற்காக வைக்கப்படுபவை அவை. அப்படிப்பட்ட ஒன்றோடு அறிக்கைப் பக்கத்தை இணைத்து விட்டால், அறிக்கை என்றும் ஒரு மணி நேரம் பழையதாகவே வரும்.

ஆகவே களத்திலுள்ளோர்க்கு நான் கூறுவது: ஒப்புகை எண் வந்திருந்தால், பட்டியலில் காணவில்லை என்பதற்காக மறுமுறை ஏற்ற வேண்டா. எண்ணையும் மணியையும் குறித்து வைத்துக்கொள்க. காணவில்லை என்று முறையிடும்போது, ஏற்றிய மணி, பார்த்த மணி இரண்டையும் எழுதுக. 'சர்வர் வேலை செய்யவில்லை' என்ற முறையீட்டை விட, '3 மணி 10 நிமிஷத்திற்கு ஏற்றியது 5 மணி 15 நிமிஷத்திலும் காணப்படவில்லை' என்னும் வரி ஆராய்வோர்க்குப் பன்மடங்கு பயனுடையது. நின்ற இடத்தை அதைக்கொண்டே தேடத் தொடங்கலாம். ஒப்புகை எண் வராதபோது நிலைமை வேறு. அப்போது மறுபடி ஏற்றுவதே முறை.

அலுவலகங்களுக்குக் கூறுவதை முன்னரே கூறிவிட்டேன். அதனோடு ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கின்றேன். இத்தகைய அறிக்கைப் பக்கங்களை விளக்கும் சுற்றறிக்கைகளில் 'நியர் ரியல் டைம்' என்னும் தொடர் வருகின்றது. மொழிபெயர்ப்பாளர் பலர் 'உடனுக்குடன்' என்று எழுதிச் செல்கின்றனர், நானும் எழுதியிருக்கின்றேன். ஆங்கிலத்தில் முன்னிற்கும் 'நியர்' என்னும் சிறு சொல் தமிழில் காணாமற் போய் விடுகின்றது. அதைப் படிக்கும் அதிகாரி, பட்டியல் அந்நொடியின் நிலையைக் காட்டுகின்றதென்று நம்புவதில் வியப்பென்ன? இப்பொழுதெல்லாம் 'சற்றுப் பிந்திய நிலை' என்றே எழுதி அனுப்புகின்றேன். இரண்டு முறை அது அடிக்கப்பட்டு, 'உடனுக்குடன்' என்று திருத்தப்பட்டே அச்சேறியது.

அத்தலைமையாசிரியைக்கு அனுப்பப்பட்ட குறிப்பாணை பின்னர் விலக்கிக் கொள்ளப்பட்டது. அவரைப் போல் பட்டியலில் இருந்து, ஒப்புகை எண்ணைக் குறித்து வைக்காதோரின் பதில்கள் கோப்பில் அப்படியே இருந்தன. துணைத் தளத்தின் விதியைப் பொறியாளர் மறுநாளே மாற்றி, பொறுத்திருக்கும் காலத்திற்கு ஒரு வரம்பிட்டார். நான் அவ்வலுவலகத்தை விட்டு மாறும் வரையில் பட்டியல்களின் தலைப்பில் தேதி மட்டுமே அச்சாகி வந்தது; மணி அச்சாகவில்லை.